பேட்டரியின் ஞாபகம்

தொண்ணூறுகளின் இறுதியில், ஞாயிற்றுக்கிழமை விடியலில் செங்கல்பட்டு செல்லும் மின்ரயிலில் ஏறிச் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். எங்கள் கைகளில் இருந்த நீளமான அட்டைப்பெட்டிகளைச் சக பயணிகள் வீணை என்றும் கீபோர்டு என்றும் ஊகித்துக்கொள்வார்கள். நாங்களும் மறுப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பொம்மை விமானம் பறக்கவிடப் போகிறார்கள் என்று ஒப்புக்கொள்வதைவிட அது சௌகரியமாக இருந்தது.

ஊருக்கு வெளியே கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிதான் எங்கள் ஓடுதளம். தூரத்தில் பாடலாத்ரி நரசிம்மரின் சிறு குன்று தெரியும். எங்கள் குழுவில் மூத்தவர் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தேக்குமரப் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு முள் வோல்ட்மீட்டர், அதன் குறுக்கே பற்றவைத்த சிறிய டார்ச் பல்பு, நீல அட்டை போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் விமானத்தின் வயிற்றைத் திறந்து, பல்பு எரியும் நிலையில் பேட்டரியின் வோல்ட்டை அளந்து நோட்டில் குறிப்பார். "சும்மா அளந்தா எல்லா பேட்டரியும் யோக்கியன்தான் தம்பி. பாரம் ஏத்தி அளக்கணும்," என்பார். முள் 4.8-க்குக் கீழே நின்றால் அன்று அந்த விமானம் பெட்டியை விட்டு வெளியே வராது. எத்தனை கெஞ்சினாலும் வராது.

வான்பயணத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இறக்கைகளையும் எஞ்சின்களையும் விமானிகளையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேக்குப் பெட்டிக்குள் இருந்த அறிவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மின்கலத்தைப் பேணுவது எப்படி என்ற அந்த அறிவு வாய்வழியாக வந்தது, பெரும்பாலும் விழுந்து நொறுங்கிய விமானங்களின் விலையில் வந்தது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

*

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். அந்நாளைய ரேடியோ விமானத்தில் பேட்டரி விமானத்தைப் பறக்கவைக்கவில்லை. பறக்கவைத்தது மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய எஞ்சின். கல்கத்தாவில் தயாரான 'அரோரா' எஞ்சின்களை என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் நினைவுகூரக்கூடும். அந்தப் புகையின் வாசனை சட்டையில் இரண்டு துவைப்புக்கும் போகாது. பேட்டரியின் வேலை வேறு. தரையிலிருந்து வரும் கட்டளையைக் கேட்கும் ரிசீவருக்கும், வாலையும் இறக்கை மடல்களையும் அசைக்கும் சர்வோ மோட்டார்களுக்கும் உயிர் கொடுப்பது அது. எஞ்சின் நின்றால் விமானம் சறுக்கி இறங்கும். பேட்டரி நின்றால் விமானம் யாருடையதும் அல்ல. எஞ்சின் முழு வேகத்தில் அலற, தன்னிச்சையாக அது போய்க்கொண்டே இருக்கும். எங்கே விழும், யார் மேல் விழும் என்பது காற்றின் முடிவு.

அந்தப் பேட்டரி நான்கு நிக்கல்-காட்மியம் செல்களால் ஆனது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், சேர்ந்து 4.8. இந்த இரசாயனத்தைக் கண்டறிந்தவர் ஸ்வீடனின் வால்டெமர் யுங்னர், 1899-இல். ஆனால் அவருடைய கலம் வாயுவை வெளிவிடும். அதைத் திறந்து நீர் ஊற்ற வேண்டும். தலைகீழாகக் கரணம் அடிக்கும் விமானத்துக்கு அது உதவாது. வாயு உள்ளேயே மீண்டும் கரைந்துவிடும்படி மூடி முத்திரையிட்ட கலம் 1947-இல்தான் சாத்தியமானது. அதில் முக்கியப் பங்காற்றியவர் கியோர்க் நாய்மன், மைக்ரோஃபோன் தயாரிப்பில் உலகப்புகழ் பெற்ற அதே ஜெர்மானியர். பாடகர்கள் முன்னால் நிற்கும் கருவிக்கும் எங்கள் ஏரிக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

இந்தக் கலத்தைப் பேணுவதன் முதல் விதி பதினான்கு மணி நேரம். 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட பேட்டரிக்கு 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் பத்து மணி நேரத்தில் நிரம்ப வேண்டும் என்பது கணக்கு. உள்ளே செல்லும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால் பதினான்கு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செருகினால் ஞாயிறு காலை ஏழுக்கு எடுக்கலாம். எங்களுக்கு விடியலிலேயே ரயில், ஆகவே மதியமே செருகிவிட வேண்டும். இடையில் மின்வெட்டு வந்தால்? அதற்காக எங்கள் வீடுகளில் ஒரு காகிதம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் போன நேரம், வந்த நேரம். வீட்டிலிருப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதிவைப்பார்கள். எழுதாமல் விட்ட நாட்களும் உண்டு. அவற்றின் விளைவுகளை இங்கே விவரிக்கப்போவதில்லை.

*

இரண்டாவது விதிதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. நிக்கல்-காட்மியம் கலத்துக்கு ஞாபகம் உண்டு என்று நாங்கள் நம்பினோம். பாதி மட்டும் செலவழித்துவிட்டு மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றினால், அந்தப் பாதியையே தன் முழுமை என்று அது பழகிக்கொள்ளும், மீதிப் பாதியைத் தர மறந்துவிடும் என்பது நம்பிக்கை. கதை முற்றிலும் கற்பனை அல்ல. 1960-களில் அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் இது கவனிக்கப்பட்டது. பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரி செலவாகும், வெயிலுக்கு வந்ததும் நிரம்பும். சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு, அச்சுப் பிசகாமல். அந்தத் துல்லியமான சலிப்பில் கலத்தின் மின்னழுத்தம் அதே புள்ளியில் தளரத் தொடங்கியது. ஆனால் ஞாயிறுதோறும் ஒருநாள் மூன்று பறத்தல், ஒருநாள் ஐந்து என்று செலவழித்த எங்கள் கலங்களுக்கு அந்தத் துல்லியம் எங்கே இருந்தது? எங்களிடம் 'ஞாபகம்' என்று பெயர் வாங்கியவற்றில் பெரும்பகுதி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றியதால் வந்த தளர்ச்சி என்றே இன்று தோன்றுகிறது. மின்வெட்டைக் கழிக்கிறேன் பேர்வழி என்று இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டவர்கள் நாங்கள்தானே.

நோய் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: காலி செய்து நிரப்புவது. மாதம் ஒருமுறை பேட்டரியை டார்ச் பல்பில் இணைத்து, செல் ஒன்றுக்கு 1.1 வோல்ட் அளவுக்கு இறங்கும்வரை எரியவிட்டு, எத்தனை நிமிடம் எரிந்தது என்று நோட்டில் குறித்து, பிறகு பதினான்கு மணி நேரம். இப்படி மூன்று முறை. நிமிடங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பேட்டரி கடிகாரத்துக்குப் போய்விடும். 1.1-க்குக் கீழே விட்டால் நான்கில் பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்ற மூன்றும் அதைத் தலைகீழாக மாற்றிவிடும். கூட்டுக்குடும்பத்தில் நடப்பதுதான்.

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மெல்ல ஊர்ந்து எதிர்முனைக் கம்பியின் வழியே ஏறும். மேலே கருப்பு உறை பளபளப்பாகவே இருக்கும். உள்ளே செம்புக் கம்பி கரிபோல் கறுத்து மின்தடை கூடியிருக்கும். ஆங்கிலேய ஆர்வலர்கள் இதைக் கருப்புக்கம்பி நோய் என்பார்கள். ஒருமுறை மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் பறக்கவிடலாம் என்று ஆசைப்பட்டுப் போனோம். மூத்தவர் மட்டும் வரவில்லை. ஈரமும் உப்பும் சேர்ந்த காற்று கம்பிக்கும் இணைப்பிக்கும் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். போய்வந்த எங்களில் இருவருக்கு அடுத்த மழைக்காலத்துக்குள் தெரிந்தது.

*

மின்சாரத்தாலேயே பறக்கும் விமானம் என்ற ஆசை இதற்கெல்லாம் முந்தையது. 1957-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரால் பறக்கவைத்தார். ரேடியோவால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் மின் விமானமாகப் பதிவானது அது. அவர் பயன்படுத்தியது வெள்ளி-துத்தநாகக் கலங்கள். எடைக்கு எடை அன்று அவற்றை மிஞ்ச ஏதுமில்லை. ஆனால் விலை வெள்ளியின் விலை, ஆயுளோ சில பத்து சார்ஜ்கள். பொழுதுபோக்குக்குக் கட்டுப்படியாகாத அந்தக் கலம் ராணுவத்துக்குக் கட்டுப்படியானது. புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் உள்ள ஹை எனர்ஜி பேட்டரீஸ் நிறுவனம் அதே வகைக் கலங்களைக் கடற்படையின் டார்பிடோக்களுக்காகத் தயாரித்து வருகிறது. ஒரே ஒருமுறை ஓடி வெடிக்கப்போகும் பொருளுக்கு நீண்ட ஆயுள் எதற்கு?

1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஹைனோ ப்ரிட்ஷ்கா, மனிதனைச் சுமந்த முதல் மின் விமானத்தைச் சில நிமிடங்கள் ஓட்டினார். அதன் பின்னால் இருந்த மூளை ஃபிரெட் மிலிட்கி, அடிப்படையில் ஒரு மாதிரி விமான வடிவமைப்பாளர். பொம்மையில் பயின்ற பாடம் மனிதனைத் தூக்கியது என்று சொல்வதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதிலும் இருந்தது நிக்கல்-காட்மியம்தான், எடை அதிகம்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் பழைய உரிமை ஒன்று உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. நேரு 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். செட்டிநாட்டின் வெயிலில் மின்கலங்களுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் இருப்பதைச் செங்கல்பட்டு வெயிலில் நின்றிருந்த நாங்கள் அன்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

லித்தியம் வந்தது 1991-இல், சோனி நிறுவனத்தின் வழியே. அதன் வேதியியலுக்காக 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, எண்பதுகளில் குட்இனஃபுடன் சேர்ந்தவர். நேர்மின்முனையில் ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளை வைத்தால் என்ன ஆகும் என்று அவ்விருவரும் செய்த ஆய்வு, பின்னர் இரும்பு-பாஸ்பேட் கலங்களுக்கு வழி திறந்தது. இன்று என் ரிசீவருக்குள் இருப்பது அந்த வகைதான். செல்லுக்கு 3.2 வோல்ட், எளிதில் தீப்பிடிக்காத சாதுவான பிராணி.

ஆனால் நாங்கள் முதலில் சந்தித்தது சாதுவை அல்ல.

*

2006 வாக்கில் லித்தியம்-பாலிமர் பேட்டரிகள் எங்கள் கைக்கு எட்டின. மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர்-மணி, உள்ளங்கையில் அடங்கும் எடை. ஆமணக்கெண்ணெயும் புகையும் ஒரே பருவத்தில் ஒழிந்தன. பறத்தலின் சப்தம் மின்விசிறியின் சப்தமாயிற்று. ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

வாங்கிய முதல் மாதம், இருபது வருடப் பயிற்சியின் ஒழுங்கோடு நான் அந்தப் பேட்டரியைப் பராமரித்தேன். அதாவது இரவு முழுவதும் ஸ்கூட்டர் பல்பில் இணைத்துக் காலி செய்தேன். காலையில் அது தலையணைபோல் உப்பியிருந்தது. அளந்தபோது செல்லுக்கு ஒரு வோல்ட்கூட இல்லை. 'ஞாபகம்' நன்றாகவே அழிந்துவிட்டது என்று எண்ணிச் சார்ஜில் போட்டேன்.

லித்தியம் கலத்தை ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து, இரு முனைகளுக்கும் நடுவே பாலம் கட்டும். இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்தது ஒரு சீறல், வெண்புகை, பின் ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்த சுடர். அடுத்த அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியில் இருந்த துளசிச் செடியை மண்ணோடு பிடுங்கி அதன்மேல் கவிழ்த்தேன். மொசைக் தரையில் அந்தக் கருப்பு வட்டம் இன்றும் இருக்கிறது.

நான் அலட்சியமாக இருந்து அந்தத் தீ பிடிக்கவில்லை. விதிப்படி நடந்ததால் பிடித்தது. எது ஒரு கலத்துக்குப் பக்தியோ அது அடுத்த கலத்துக்குக் கொலை. நிக்கலை வாரக்கணக்கில் காலியாக வைத்திருக்கலாம், லித்தியத்தைக் காலியாக வைக்கவே கூடாது. முழுதாக நிரப்பி வைப்பதும் தவறு. 4.2 வோல்ட்டில் வெயிற்காலத்தில் ஒரு மாதம் கிடந்தால் உள்ளே வாயு திரண்டு உப்பும். ஏறத்தாழ 3.8-இல், பாதிக்குச் சற்று மேலே, குளிர்ந்த இடத்தில் உறங்க வைக்க வேண்டும். பறக்கும்போது செல்லுக்கு 3.5-ஐ நெருங்கினால் இறங்கிவிட வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்துச் சமப்படுத்தும் வெள்ளை இணைப்பி இல்லாமல் சார்ஜ் ஏற்றலாகாது. முன்பு வோல்ட்டைப் பார்த்துக் கலத்தின் ஆரோக்கியத்தைச் சொன்னோம். இப்போது உள்தடையை மில்லி ஓமில் அளந்து, அது வாங்கிய நாளில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கானால் விடை கொடுக்கிறோம். சித்திரையில் மூடிய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரை எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை.

ரேடியோவும் அதே ஆண்டுகளில் மாறியது. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது, அடுத்து வந்த ரிசீவர்கள் சிறு கணினிகளாக இருந்தன. பழைய ரிசீவர் வோல்ட் தளர்ந்தால் தடுமாறும், பிறகு சுதாரிக்கும். ஆரம்பகாலப் புதிய ரிசீவர்களோ ஒரு கணம் வோல்ட் சரிந்தாலும் அணைந்து, மீண்டும் விழித்தெழச் சில நொடிகள் எடுத்துக்கொண்டன. அந்தச் சில நொடிகளில் விமானம் யாருடையதும் அல்ல. மூத்தவரின் 4.8 விதி மட்டும் இந்த யுகமாற்றத்திலும் செல்லுபடியாயிற்று.

இந்தத் தீ எங்கள் வீடுகளோடு நிற்கவில்லை. 2010 செப்டம்பரில் லித்தியம் பேட்டரிகளைச் சுமந்த சரக்கு விமானம் ஒன்று துபாயில் தீப்பற்றி விழுந்து விமானிகள் இருவரும் மாண்டனர். 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் பேட்டரிக் கோளாறால் உலகெங்கும் தரையிறக்கப்பட்டன, ஏர் இந்தியாவினுடையவை உட்பட. 2016 ஏப்ரல் முதல் லித்தியம்-அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றத் தடை. சரக்கு விமானத்திலும் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கலாகாது. கடைத்தெருவில் புதிதாக வாங்கும் பேட்டரி அரைகுறையாக நிரம்பியிருப்பதன் காரணம் இதுதான், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

*

நாங்கள் ஏறிவந்த அதே ரயில் பாதையில்தான் குரோம்பேட்டையும் இருக்கிறது. சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. அங்கே உள்ளது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். அங்குள்ள விண்வெளி ஆய்வு மையத்தில் பேராசிரியர் செந்தில்குமாரின் தலைமையில் உருவான 'தக்‌ஷா' குழுவின் ஆளில்லா விமானங்கள் 2012-இல் மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளை மேலிருந்து அளந்தன. 2018-இல் அக்குழு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ விரைவுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி விமானங்களில் நெடுங்காலப் பயிற்சி உள்ள நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகராக இருந்ததால் பத்திரிகைகள் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டன. எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு. நீண்ட நேரம் பறக்க அக்குழுவினர் கையாண்ட வழிகளில் ஒன்று, பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி மோட்டார்களை ஓட்டுவது. சுற்றிச் சுற்றி மீண்டும் புகைக்கே வந்துவிட்டோம்.

நடுவில் சட்டம் குறுக்கிட்டது. 2014 அக்டோபரில் வந்த அறிவிப்பு பொதுமக்கள் ஆளில்லா விமானம் பறக்கவிடுவதையே நிறுத்தியது. எங்கள் பொம்மைகள் அதில் அடங்குமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காவலர் ஒருவர் ஏரிக்கு வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனபின் நாங்களே பல மாதங்கள் ஒதுங்கியிருந்தோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானங்களைத் தனி இனமாக அங்கீகரித்தன. அதற்குள் ஏரியைச் சுற்றி மனைப்பிரிவுக் கற்கள் நட்டாயிற்று. ஊரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019-இல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியிருந்தது.

இப்போது அந்தப் பக்கம் வயல்களில் பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பல சுற்று, சூடு ஆறாத பேட்டரியை நேராக ஜெனரேட்டர் சார்ஜரில் செருகுகிறார்கள். ஒரு இளைஞரிடம் சற்று ஆறவிடுங்கள் என்றேன். "பயிற்சியில அப்படித்தான் சார் சொன்னாங்க, ஆனா ஏக்கர் கணக்குக்கு யார் பதில் சொல்றது?" என்றார். உப்பிய பேட்டரி ஒன்று வரப்போரம் வெயிலில் கிடந்தது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே இருவர் சிரித்தார்கள். நான் அதைக் காலி எண்ணெய் டின்னில் மணலிட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மூத்தவர் பெருந்தொற்றுக் காலத்தில் காலமானார். அவர் மகன் அழைத்துத் தேக்குப் பெட்டியைக் கொடுத்தார். வோல்ட்மீட்டரின் முள் இன்னும் நேராகவே நிற்கிறது. நோட்டு ஏழாவது நோட்டு. முன்பக்கங்களில் நிமிடக் கணக்குகள், நடுவே ஒரு பக்கத்தில் என் பெயரும் தேதியும் போட்டு, சிவப்பு மையில், "லித்தியம், காலி செய்யக் கூடாது, எல்லோருக்கும் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னுள்ள பக்கங்களில் நிமிடக் கணக்கு இல்லை, வோல்ட் மட்டும். கடைசிப் பதிவு 2020 பிப்ரவரி, ஒரு ஞாயிறு: 3.82, 3.82, 3.81.

அந்தப் பேட்டரி பெட்டியிலேயே இருந்தது. அளந்து பார்த்தேன். 3.79, 3.79, 3.77.